யார் போட்ட ஸ்னாப்ஷாட் இது?

ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க் ஒரு நொடியில் எப்படி இருந்தது என்று பிடித்துவைக்கும் பதிவு, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கேட்டால், நேர்மையாக ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. இதை எங்கள் மேனேஜரிடம் சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கணுமேப்பா” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. டிஸ்க் இடத்தைப் பட்டியலிடும் எல்விஎஸ் கட்டளையைத் தட்டினால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கு நேரேயும் டேட்டா% என்று ஒரு எண் வரத்தானே செய்கிறது? அது அளவு இல்லையென்றால் வேறென்ன? 2024 டிசம்பரில் கேட்ட கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அது மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இப்போது எழுதிவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எங்கள் அலுவலகம். ஒரே சர்வரில் பல பேருடைய விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங், ஒரு அச்சகத்தின் கோப்புகள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் டேட்டாபேஸ், எங்கள் சொந்தக் கணக்கு வழக்கு. எல்லாமே ஒரு எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) தின் பூலின் மேல், அதாவது எல்லோருக்கும் பொதுவான ஒரு இடத்தின் மேல், உட்கார்ந்திருக்கின்றன. பூலின் உண்மையான அளவு 1 டிபி. ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் வாக்குறுதியைக் கூட்டிப் பார்த்தால் 1.7 டிபி. தின் என்றாலே அதுதான், வாக்குறுதி கொடுக்கும்போது இடம் போகாது, எழுதும்போதுதான் போகும். வால்யூம் (ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் டிஸ்க்) உருவாக்கும்போதே எல்விஎம் எச்சரிக்கிறது: எல்லா தின் வால்யூம்களின் மொத்தம் பூலைவிட அதிகம், பூல் நிரம்பாமல் இருக்க நீ பாதுகாப்பு எதுவும் போட்டுவைக்கவில்லை என்று. உலகத்தில் அதிகம் பேர் படிக்காமல் கடந்துபோகிற எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

புயலுக்கு முன்

அந்த நவம்பர் கடைசி வாரம் ஃபெஞ்சல் புயல் வருகிறதா, இல்லையா என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்து “எதுக்கும் எல்லா மெஷினுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் போட்டு வெச்சிடுங்க” என்றார். என்னோடு வேலை பார்க்கும் பையன் போட்டான். ஸ்னாப்ஷாட் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், இடமும் கேட்காது. அது தரும் நிம்மதியும் அதே வேகத்தில் வந்துவிடுகிறது, அதுதான் சங்கடம். புயல் சர்வர் அறைக்குள் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தால் அந்த ஸ்னாப்ஷாட்டால் ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது. ஒரிஜினல் இருக்கும் அதே டிஸ்க்கில், பெரும்பாலும் அதே பிளாக்குகளாகவே (டிஸ்க்கின் துண்டுகளாகவே) இருப்பதுதான் ஸ்னாப்ஷாட். டிஸ்க் நனைந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. ஊரே தண்ணீரில் நின்றதையும் ராணுவம் வந்து ஆட்களை மீட்டதையும் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அடுத்தது கடலூர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர, மஞ்சக்குப்பத்து நிலையம் பூட்டிக் கிடந்தது. எங்கள் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் வந்ததும் எல்லா மெஷினையும் எழுப்பினோம், ஓடின. ஸ்னாப்ஷாட்களை எல்லோரும் மறந்தோம். மறப்பதற்கு வசதியாகத்தான் அவை அமைந்திருக்கின்றன. எல்விஎம் தின் ஸ்னாப்ஷாட்டை இயல்பில் ஆக்டிவேட் செய்வதே இல்லை. மவுன்ட் ஆகாது, டிஸ்க் இடம் காட்டும் டிஎஃப் கட்டளை அடித்தால் தெரியாது, மெஷினுக்குள் இருந்து பார்ப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதற்கான அடையாளமே கிடையாது.

நிலையம் திரும்பத் திறந்ததும் வேலை குவிந்தது. டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் ஒரு சனிக்கிழமை இரவு உள்ளே வந்து போஸ்ட்கிரஸ் என்ற அந்த டேட்டாபேஸ் மென்பொருளில் ‘வேக்யூம் ஃபுல்’ ஓட்டினார்கள். அந்த சாஃப்ட்வேர் ரிப்போர்ட் பிடிஎஃப் எல்லாவற்றையும் டேபிளுக்குள்ளேயே திணித்து வைக்கிற ரகம். வேக்யூம் ஃபுல் என்பது டேபிளை இருந்த இடத்தில் சுத்தம் செய்வதில்லை, முழுவதையும் புதுக் கோப்பில் எழுதிவிட்டுப் பழையதை அழிக்கிறது. சாதாரணமாக இருந்திருந்தால் பழைய கோப்பு அழிந்ததும் டிஸ்கார்ட் (இந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்லும் தகவல்) வழியாக அந்த இடம் பூலுக்குத் திரும்பியிருக்கும். ஆனால் பழைய பிளாக் ஒவ்வொன்றின் மேலும் புயலுக்கு முன் போட்ட ஸ்னாப்ஷாட் கை வைத்திருந்தது. ஆக, புதுசுக்கும் இடம் போனது, பழசும் திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை காலை பூல் 94 சதவீதம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் கவனிப்பதில்லை. எங்கள் பூலில் ஒரு துண்டின் அளவு 512 கேபி. போஸ்ட்கிரஸ் எழுதுவது 8 கேபி பக்கங்களாக. ஸ்னாப்ஷாட் போட்ட பிறகு, பகிரப்பட்ட ஒரு துண்டுக்குள் 8 கேபி மாறினாலும் பூலில் முழுசாக 512 கேபி புதிதாக ஒதுக்க வேண்டும். மாற்றங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி விழுந்தால், எழுதியதைப்போல் 64 மடங்கு வரை இடம் போகலாம். “நாங்க அவ்வளவா எதுவும் எழுதலையே சார்” என்று டேட்டாபேஸ்காரர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

பெரியதைத் தூக்கு

94 சதவீதத்தில் என்ன அவசரம் என்று கேட்கலாம். பூல் நிரம்பினால் எல்விஎம் இயல்பில் 60 நொடிகள் எழுத வருவதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும், யாராவது இடம் கொடுப்பார்களா என்று. கொடுக்கவில்லை என்றால் பிழை. ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆகலாம், மெஷின் அப்படியே நிற்கலாம். எது நிற்கும் என்பதுதான் விஷயம். இடத்தைத் தின்றது மஞ்சக்குப்பத்து டேட்டாபேஸ். ஆனால் அந்த நொடியில் புதிதாக ஒரு துண்டு யார் கேட்டாலும் அவருக்கும் கிடையாது. ஜவுளிக்கடையில் ஒரு புடவைக்குப் பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஊரில் நடந்த சுத்தம் செய்யும் வேலைக்காகக் கல்லாவில் கைகட்டி நிற்க வேண்டும்.

பழைய காலத்து எல்விஎம் ஸ்னாப்ஷாட் இப்படி இல்லை. அதற்கென்று தனியாக இவ்வளவு இடம் என்று ஒதுக்குவோம். அது நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாமல் போய்விடும், ஒரிஜினல் பாட்டுக்கு ஓடும். மெதுவாக இருக்கும், இரண்டு மூன்று போட்டால் இன்னும் மெதுவாகும், யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் தன் சுமையைத் தானே சுமந்தது, பக்கத்து வீட்டுக்காரர் தலையில் இறக்கி வைக்கவில்லை. இந்த ஒரு குணத்துக்காக அதன்மேல் எனக்கு இன்னமும் மரியாதை உண்டு.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். மேனேஜர் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். திரையில் ஸ்னாப்ஷாட் பட்டியல்: ‘பிஃபோர்_புயல்’ வரிசையாக எல்லா மெஷினுக்கும். அவற்றுக்கு நடுவே ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட்2’, ‘பிஃபோர்_அப்டேட்’, அப்புறம் யாரோ பெரிய மனசு பண்ணி வைத்த ‘டோன்ட்_டெலீட்’. யார், எப்போது, எதற்கு என்று எந்தப் பெயரிலும் இல்லை. மேனேஜர் டேட்டா% வரிசையில் விரலை ஓட்டி, பரிசோதனை நிலையத்தின் ‘பிஃபோர்_புயல்’ மேல் நிறுத்தினார். 78 என்று இருந்தது. “இதான் பெருசா இருக்கு. இதைத் தூக்கு.” புயல்தான் போய்விட்டதே, யாருக்கும் ஆட்சேபணை இல்லை. தூக்கினோம். பூல் 94-லிருந்து 93-க்கு வந்தது.

“என்னப்பா இது, 78 பர்சென்ட்னு போட்டிருந்தானே?”

அந்தக் கேள்விதான், அந்த இடம்தான். என்ன நடந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதே வால்யூமுக்கு அக்டோபரில் ‘பிஃபோர்_அப்டேட்’ என்று இன்னொரு ஸ்னாப்ஷாட் இருந்தது. வேக்யூம் ஃபுல் கைவிட்ட பழைய பிளாக்குகள் நவம்பர் ஸ்னாப்ஷாட்டிடம் மட்டும் இல்லை, அக்டோபரிடமும் இருந்தன. நவம்பரைத் தூக்கியபோது அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில் மாறிய கொஞ்சம் மட்டும்தான் விடுபட்டது. மீதி அப்படியே அக்டோபரின் பெயரில் நின்றது. நம்ம ஊர் கூட்டுப் பட்டா நிலம் மாதிரிதான் இது. ஐந்து பங்காளிகளில் நான்கு பேர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், ஐந்தாவது ஆள் கையெழுத்துப் போடும்வரை நிலம் முழுசாக உன் கைக்கு வராது. நான்காவது ஆள் கையெழுத்தின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? ஐந்தாவது ஆள் போட்டுவிட்டாரா, இல்லையா என்பதைப் பொறுத்தது.

மேனேஜருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் குடும்பத்தில் வில்லியனூர் பக்கம் ஒரு துண்டு நிலம் இப்படித்தான் கிடக்கிறதாம்.

அக்டோபருக்கு எதற்குத் திரும்பிப் போகணும்?

அக்டோபர் ஸ்னாப்ஷாட்டைத் தூக்கலாம் என்று முடிவானது, ஆனால் யாரைக் கேட்பது? சாஃப்ட்வேர் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். “அது நான் போட்டதில்லை சார், எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டிருப்பார்” என்றார் அந்த இளைஞர். எடுக்கலாமா என்றால், “அதை நான் எப்படி சார் சொல்றது” என்றார். மஞ்சக்குப்பத்தில் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அடுத்த போன். அவருக்கு ஸ்னாப்ஷாட் என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும்.

“அதை எடுத்தா போன மாச ரிப்போர்ட்டெல்லாம் போயிடுமா தம்பி?”

“இல்லக்கா, இப்ப இருக்கறது எல்லாம் அப்படியே இருக்கும். அக்டோபர்ல எப்படி இருந்துச்சோ, அந்த நிலைமைக்குத் திரும்பிப் போற வழி மட்டும்தான் இல்லாமப் போகும்.”

ஒரு நிமிடம் யோசித்தார். “அக்டோபருக்கு எதுக்குத் தம்பி திரும்பிப் போகணும்? அதுக்கப்புறம் வந்த பேஷண்ட்டெல்லாம் என்ன ஆவாங்க?”

பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை. அப்டேட் போட்ட அன்று ராத்திரி அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு ஏக மதிப்பு, ஏதாவது சொதப்பினால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குப் போய்விடலாம். மறுநாள் காலை முதல் ரத்தப் பரிசோதனை பதிவானதும் மதிப்பு குறையத் தொடங்குகிறது. ஒரு வாரத்தில் அதற்குத் திரும்பிப் போவது என்பதே கேலிக்கூத்து. ஆனால் செலவு நேர்மாறாகப் போகிறது. போட்ட நொடியில் இடம் சுத்தமாகக் கிடையாது, அப்புறம் ஒரிஜினல் மாற மாற ஒவ்வொரு துண்டாகச் சேர்ந்துகொண்டே போகும். யாருக்கும் தேவைப்படாத நாளில்தான் அதிகம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அக்டோபரைத் தூக்கினோம். பூல் 81-க்கு வந்தது.

திரை காட்டும் எண்

மேனேஜரின் கேள்விக்கு வருகிறேன். எல்விஎஸ் காட்டும் டேட்டா% பொய் இல்லை. அந்த வால்யூமின் மொத்த அளவில் எவ்வளவு துண்டுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. மற்றவர்களோடு பகிர்வதும் அதில் சேர்த்தி. அதனால் எல்லா ஸ்னாப்ஷாட்டையும் கூட்டினால் பூலைவிட எவ்வளவோ அதிகமாக வரலாம். இசட்எஃப்எஸ் (ஸ்னாப்ஷாட் வசதியுள்ள இன்னொரு ஃபைல்சிஸ்டம்) வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிரான குழப்பம். அங்கே ஸ்னாப்ஷாட்டுக்கு நேரே காட்டும் ‘யூஸ்டு’ என்பது அதனிடம் மட்டுமே இருப்பது. திங்களும் செவ்வாயும் ஸ்னாப்ஷாட் போட்டு, புதன் அன்று 30 ஜிபியை அழித்தால், அந்த 30 ஜிபி இரண்டு ஸ்னாப்ஷாட்டிடமும் இருக்கிறது, அதனால் இரண்டின் கணக்கிலும் வராது. இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று காட்டும், 30 ஜிபியை மட்டும் காணோம். திங்களை அழித்தால் எதுவும் வராது, ஆனால் உடனே செவ்வாயின் கணக்கு 30 ஜிபிக்கு எகிறும். முதல்முறை பார்ப்பவர் பயந்தே போவார். எல்விஎம் கூட்டிச் சொல்கிறது, இசட்எஃப்எஸ் குறைத்துச் சொல்கிறது, இரண்டுமே தத்தம் கேள்விக்குச் சரியான விடைதான்.

நமக்கு வேண்டிய கேள்வி வேறு: இதையும் இதையும் சேர்த்து அழித்தால் எவ்வளவு வரும்? இசட்எஃப்எஸ்ஸில் அழிக்காமலேயே ஒத்திகை பார்க்கலாம், டெஸ்ட்ராய் கட்டளையோடு ‘-என்வி’ போட்டு ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து இன்னொன்று வரை கொடுத்தால் மொத்தமாக எவ்வளவு திரும்பும் என்று சொல்லிவிடும். அந்த வசதி எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. எல்விஎம் பக்கம் தின்_எல்எஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. ஓடும் பூலில் முதலில் மெட்டாடேட்டாவையே (எந்தத் துண்டு யாருடையது என்ற பதிவேட்டையே) ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்துவிட்டு அதை ஓட்டினால், ஒவ்வொரு வால்யூமுக்கும் தனக்கே தனக்காக எத்தனை பிளாக், பகிர்வதில் எத்தனை என்று பிரித்துக் காட்டும். முடிந்ததும் அந்த மெட்டாடேட்டா ஸ்னாப்ஷாட்டை விடுவிக்க மறக்கக் கூடாது. ஆனால் அது சொல்வதும் ஒன்றை மட்டும் தனியாக அழித்தால் என்ன வரும் என்பதைத்தான். கூட்டணிக் கணக்கு அதற்கும் தெரியாது.

பூல் தானாக நீளும் வசதி இருக்கிறதே என்பார்கள். தின்_பூல்_ஆட்டோஎக்ஸ்டெண்ட்_த்ரெஷோல்டு என்ற எண் எல்விஎம்மில் இயல்பாக 100, அதாவது அணைந்தே இருக்கிறது. 80 என்று மாற்றலாம், ஆனால் நீள்வதற்கு வால்யூம் குரூப்பில் (பூல் இருக்கும் டிஸ்க் தொகுப்பில்) காலி இடம் இருக்க வேண்டும். பாதிப் பேர் இன்ஸ்டால் செய்யும்போதே இருக்கிறதையெல்லாம் பூலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மெட்டாடேட்டாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது நிரம்புவது டேட்டா நிரம்புவதைவிட மோசம், ரிப்பேர் வரைக்கும் இழுத்துப் போகும், அதன் உச்ச அளவே சுமார் 16 ஜிபிதான். டேட்டா, மெட்டாடேட்டா இரண்டின் சதவீதத்தையும் பார்த்துக்கொண்டிருங்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஆக, அளவை வைத்து ஸ்னாப்ஷாட்டை நிர்வகிக்கவே முடியாது என்பது என் கட்சி. இடம் முடியப்போகும் நேரத்தில் எது பெரியது என்று தேடுவது வீண் வேலை. யாருடையது, எந்தத் தேதி வரை என்ற இரண்டும் தெரிந்தால் போதும், அதுவும் போடும்போதே. இப்போது எங்களிடம் ஸ்னாப்ஷாட்டின் பெயரிலேயே போடச் சொன்னவரும் சாகும் தேதியும் இருக்க வேண்டும். இரவில் ஒரு ஸ்கிரிப்ட் பெயர்களைப் படிக்கும். தேதி கடந்திருந்தால் அழிக்கும், யாரையும் கேட்காது. பெயர் சரியில்லாதவற்றுக்கு மூன்று நாள் தவணை. ‘டோன்ட்_டெலீட்’ முதல் வாரமே போய்விட்டது, இன்றுவரை ஒருவரும் தேடி வரவில்லை. சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். பேக்கப் வேண்டுமென்றால் பேக்கப் எடுங்கள், அது வேறு டிஸ்க்குக்கு, முடிந்தால் வேறு ஊருக்குப் போகட்டும் என்றோம். புயல் எச்சரிக்கை வந்தால் இப்போது பையன் ஸ்னாப்ஷாட் போடுவது பேக்கப் நகரும் நேரத்துக்கு மட்டும்தான். நகல் முடிந்ததும் அதே மாலை அதைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கைப் பையில் போட்டு திண்டிவனம் பஸ் ஏறிவிடுகிறான்.

ஒத்துக்கொள்ளாதவர் அச்சகத்துக்காரர் மட்டும்தான். பழைய மலர்களின் லேஅவுட் எந்த நிலையில் இருந்தது என்று வருஷம் கழித்தும் பார்க்க வேண்டியிருக்கும், ஒரு வருஷத்துக்குக் கை வைக்காதீர்கள் என்றார். நியாயம்தான், அவர் தொழில் அப்படி. ஆனால் அந்த ஒரு வருஷத்துக்கு ஜவுளிக்கடைக்காரர் ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்? தனியாக டிஸ்க் வாங்கிக் கொடுங்கள், தனிப் பூல் போட்டுத் தருகிறோம், அதில் எத்தனை ஸ்னாப்ஷாட் வேண்டுமானாலும் எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கட்டும், நிரம்பினால் நிற்பது உங்கள் மெஷின் மட்டும்தான் என்றோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக் கொடுத்தார். இப்போது அந்தப் பூல் 88 சதவீதத்தில் இருக்கிறது. வாரம் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். “இருக்கட்டும்ணா, மலர் வேலை முடியட்டும், நானே பார்த்து எதை எடுக்கறதுன்னு சொல்றேன்” என்கிறார்.